லாச்சி

பேராதனையில், மழைச் சத்தம் எட்டாத கீழ்த்தள அறையில்
கடுகுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு களைச்செடியின்
வேர்நுனியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறேன்.
நாற்பது பாகை. பதினைந்து நிமிடம்.

பிறகு விளக்கணைத்துப் பார்க்க வேண்டும்.
கலத்துக்குள் சாறாய்ப் பரவியிருந்த பச்சை
அங்கங்கே புள்ளியாய்க் கூடியிருக்கும்,
கொழுந்து நிறுக்கும் நேரத்து மடுவம் மாதிரி.

பச்சை, புரதத்தின் மேல் நாங்கள் ஒட்டிய வெளிச்சம்.
புரதம் கையில் பிடித்திருப்பது ஆர்.என்.ஏ.
மரபணு எழுதி அனுப்பிய கடிதம்:
இதைச் செய், இவ்வளவு செய்.
எழுதினால் போதுமென்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன்.
போதாது.
வழியில் இது மறிக்கும். மடிப்பைத் தடவிப் பார்க்கும்.
சிலதை வாசிக்க விடும்.
சிலதின் வாலை நறுக்கக் கத்தியைக் கூப்பிடும்.
சூடு கண்டால் அடுக்கி வைக்கும்,
இப்போது வேண்டாம் என்று.

அக்கரப்பத்தனைக்கு மேலே
மலைக்கெல்லாம் நம்பர் உண்டு, லயத்துக்கு இல்லை.
பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே விலாசம், தோட்டத்தின் பெயர்.
எந்தக் கடிதமும் ஆபீசுக்குத்தான் போகும்,
கிளாக்கர் வில்லவராயரின் லாச்சிக்கு.

ஒரு தை மாதம், உறைபனி கொழுந்தைக் கருக்கிய வாரம்,
அண்ணனுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திருக்கிறது.
அவன் கையில் கிடைத்தபோது
நேர்முகம் முடிந்து பதினோரு நாள்.
உறையின் மேல் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.
அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.
பெருவிரலால் அந்த வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினான்.
இப்போது கொழும்பில், ஒரு ஹார்ட்வெயர் கடையில்
ஆணி நிறுக்கிறான்.

எனக்கு வந்த பல்கலைக்கழகக் கடிதமும்
அதே லாச்சியில்தான் கிடந்திருக்கும்.
அதே ஆள், குடையில்லாமல், அட்டை கடிக்கக் கடிக்க
பதினாலாம் நம்பர் மலைக்கு ஏறி வந்து
கொழுந்துக் கறை படிந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.
ஏன் இது, ஏன் அது இல்லை?
கேட்கலாமென்று நினைத்த வருடம் அவர் செத்துப்போனார்.

விளக்கணைக்கிறேன். புள்ளிகள்.
ஒன்றுக்குள் எத்தனை கடிதம் என்று எண்ண முடியாது,
வெளிச்சத்தின் பருமனை மட்டும் அளக்கலாம்.
தட்டைக் குளிருக்கு மாற்றிவிட்டுக் காத்திருக்கிறேன்.
ஒரு மணி நேரத்தில் பச்சை பழையபடி பரவும்,
பிடித்தது விட்டிருக்கும்,
பெரும்பாலானவை கிழியாமல் போய் வாசிக்கப்படும்.
பெரும்பாலானவை.
மிச்சம் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது.

கட்டுரையில் இதற்கு ஒரு வினைச்சொல் போட வேண்டும்.
'தடுக்கிறது' என்று எழுதி அடித்தேன்.
'காக்கிறது' என்று எழுதி, அதை இன்னும் அழுத்தி அடித்தேன்.
'வைத்திருக்கிறது' என்று விட்டிருக்கிறேன்,
பேராசிரியர் கேட்டால் மாற்றலாம்.

இருபத்தாறாவது நிமிடம்.
இடது மூலையில் ஒரு புள்ளியின் ஓரம் கலங்குகிறது.
இன்னும் விடவில்லை.