நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெறாதவை

நான்காம் பொருள்: மெயின் தெரு, கதவிலக்கம் இருநூற்றுப் பதினான்கு.
மூன்று மாடிச் செங்கல் கட்டடம்.
முகப்பு முழுக்க அலுமினியத் தகடு. நிறம் வெளிர்நீலம்.
இவ்வளவுதான் நான் எழுதியது.

கெல்வர்ட் நகரப் பாரம்பரியக் குழுவுக்கு
நான்தான் குறிப்பெழுதும் குமாஸ்தா.
உறுப்பினர் ஏழு பேர். அன்று வந்தவர் ஆறு.
பல் மருத்துவர் ஸ்ட்ராண்டுக்குக்
கூட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் காய்ச்சல் வரும்.

கட்டடத்தை வாங்கியவள் மாரிசோல் இபாரா.
கீழே ரொட்டிக் கடை, மேலே குடியிருப்பு.
மேலே ஜன்னல் வேண்டும், அதற்குத்
தகட்டை உரிக்க அனுமதி வேண்டும்.
கையில் ஓர் அஞ்சலட்டை கொண்டுவந்திருந்தாள்.
அதே கட்டடம், தகடு இல்லாமல்,
கல் வளைவு வைத்த ஒன்பது ஜன்னல்,
வாசலில் குதிரை வண்டி.
பிறந்த பிள்ளையை வாங்கிப் பார்ப்பதுபோல
ஒவ்வொருவராய்க் கை மாற்றிப் பார்த்தார்கள்.

முடிந்தது என்று பேனாவை மூடிவிட்டேன்.

பார்வையாளர் வரிசையிலிருந்து
எழுந்தார் வெர்லின் ஜாடன்.
"ஐம்பது வருஷம் தாண்டினால் பாரம்பரியம்.
நீங்கள் அச்சடித்த புத்தகம், ஒன்பதாம் பக்கம்.
அந்தத் தகட்டுக்கு அறுபது ஆகிறது."

சிரிப்பு. நானும் சிரித்தேன்.
அவர் உட்காரவில்லை.

"புறவழிச் சாலை திறந்த வருஷம் அது.
ஒரே கோடையில் தெரு காலியாயிற்று.
புதுசாய்த் தெரிந்தால் ஜனம் திரும்பி வரும் என்று
கடைக்காரர்கள் கடன் வாங்கித் தகடு அடித்தார்கள்.
பயந்து செய்ததும் இந்த ஊர் செய்ததுதானே?
குதிரை வண்டி நின்ற நாள் மட்டும்தான் நம்முடையதா?"

ஓட்டு மூன்றுக்கு மூன்று.
ஸ்ட்ராண்டைத் திட்டினார்கள், அதையும் நான் எழுதவில்லை.
ஒரே ஒரு தகட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்று
முன்மொழிந்தவர் லெனோர் ஹவ்ரானெக்.
வழிமொழிந்தவர் யாரென்று தெரியவில்லை.
யாரோ இருமினார்கள், ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே நான்கு.
ஏணி, டிரில், தெறித்து விழும் ரிவெட்டுகள்.
தகட்டுக்குப் பின்னால்
புறாக் கூடு, புறா எலும்பு,
எலி படித்து முடித்த செய்தித்தாள்,
அப்புறம் செங்கல்,
அப்புறம் ஜன்னல்.
ஜன்னல் தலையில் கல் வளைவு இருக்க வேண்டிய இடத்தில்
பல் பிடுங்கிய ஈறு.

தகடு சமமாய் உட்காருவதற்காக
துருத்தி நின்றதையெல்லாம் கொத்தி எடுத்திருக்கிறார்கள்.

"எந்தப் பாவி இப்படி?" என்றாள் மாரிசோல்,
யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

வெர்லின் அந்தக் குளிரில் தொப்பியைக் கழற்றினார்.
"நான்தான். பத்தொன்பது வயது.
மணிக்கு ஒன்றேகால் டாலர்.
ஒன்பதையும் இரண்டே நாளில் முடித்தேன்.
கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன்."

ஒன்பதாம் பக்கத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அவள் ஏணியில் ஏறினாள்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
அந்தக் குழிக்குள் வெறும் கையை விட்டுப் பார்த்தாள்.
கோபத்தில் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தோம்.
மேலிருந்தபடியே கேட்டாள்:
"எடுத்த கல்லெல்லாம் எங்கே?"

"ஆற்றில். பழைய பாலத்தடியில்.
லாரி ஓட்டிப் போனதும் நான்தான்."

"எந்தக் கரை?"

அவர் கண்ணை மூடி, காற்றிலே
ஸ்டியரிங்கைப் பிடித்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.
"மேற்குக் கரை. ஆகஸ்டில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருக்கும்."

நான்காம் பொருள்: ஒத்திவைக்கப்பட்டது.
அதற்கு மேல் எழுதக் குறிப்பேட்டில் கட்டம் இல்லை.

கழற்றிய தகட்டைத் திரும்ப மாட்டவில்லை.
அந்த ஓட்டை வழியே நுழையும் காற்று
காலிப் பாட்டிலில் ஊதுவதுபோல
ராத்திரி முழுக்க ஊதுகிறது.
ஆகஸ்டுக்கு இன்னும் ஏழு மாதம்.
எதிர் மாடியில் குடியிருக்கும் நான்
காதின்மேல் தலையணையை வைத்துப் படுக்கிறேன்.