இரண்டாம் செவ்வாய்

கப்பலின் லிஃப்டுகளில் கிழமைக்கொரு கால்விரிப்பு.
யோக்கோஹாமாவில் ஏறிய அன்று
தொகுஜி முதலில் பார்த்தது அதைத்தான்,
கடலை அல்ல.
முப்பத்தெட்டு வருடம் ஒத்தாருவில் லிஃப்ட் பழுதுபார்த்தவர்.
கதவு மூடும்போது தலையைச் சாய்த்துக் கேட்பார்.
"இடப்பக்க உருளை தேய்ந்திருக்கிறது" என்பார்,
யாரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

நாலாம் தளம், ஜன்னல் இல்லாத அறை.
ஜன்னலுக்கு இன்னும் ஆறு லட்சம் யென் கேட்டார்கள்.
காவ்சியுங்கில் மழை. மணிலாவில் எனக்கு வயிறு சரியில்லை.
ரபாவுலில் செருப்புக்குள் புகுந்த எரிமலைச் சாம்பல்
இன்னும் அறையில் நறநறக்கிறது.
அறையைப் பார்த்துக்கொள்ளும் ரொடெலியோ, இலோய்லோக்காரன்,
தினமும் பெருக்குகிறான், தினமும் கிடைக்கிறது.
துவாலையை மடித்து யானை செய்வான், நண்டு செய்வான்.
ஒருநாள் என்ன செய்தான் என்றே புரியவில்லை.
"என் மகள், அம்மா. தூங்குகிறாள்."
அன்றிரவு அந்தத் துவாலையை நாங்கள் பிரிக்கவில்லை.

ஆப்பியாவில் செவ்வாய்க்கிழமை.
மரப்பலகைப் பேருந்து, ஜன்னலில் கண்ணாடி கிடையாது.
இடமில்லாவிட்டால் மடியில் உட்காருவது அங்கே வழக்கம்.
பெரிய உடம்புக்காரி ஒருத்தி தொடையைத் தட்டினாள்.
அறுபத்தொன்பது வயதில் நான்
முன்பின் தெரியாத ஒரு மடியில் உட்கார்ந்தேன்.
அவர் மறுத்துவிட்டார். கூரை இடிக்க, கழுத்தை மடக்கி நின்றார்,
ஒரு கையில் கம்பி, ஒரு கையில் என் தொப்பி.
வளைவில் தொப்பி பறந்தது.

தொப்பிக்காகத்தான் ஆரம்பித்தேன்.
சந்தையில், சேப்பங்கிழங்குக் குவியல்களுக்கு நடுவே
எங்கேயோ போய் நின்றேன்:
என் அப்பா போன ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?
"தெரியுமே. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில்.
உள்ளே நாலு பேர் மாட்டியிருந்தார்கள்."
நானும் உள்ளேதான் இருந்தேன், என்றேன்.
கிழங்கு விற்றவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள்.
எங்கள் மொழி அவளுக்குத் தெரியாது.
தெரியவும் வேண்டியிருக்கவில்லை.

மாலை ஒலிபெருக்கி சொன்னது:
தேதிக்கோட்டைக் கடக்கிறோம்.
கடிகாரத்தைத் தொட வேண்டாம்.
நாளையும் செவ்வாய்.

எங்கள் ஊரில் அது நெருப்பின் கிழமை.
ஒருமுறை போதாதா என்று திரும்பிப் படுத்தேன்.

நள்ளிரவில் அவர் படுக்கை காலி.
லிஃப்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்,
விரிப்பு மாற்றும் பையனைப் பார்க்க.
பையன் வரவில்லை. மாற்ற ஒன்றுமில்லையே இன்று.
ஆளில்லாமல் கதவு திறந்தது, மூடியது.
நான் நடைவழியின் கோடியில் நின்றேன், கூப்பிடவில்லை.
அந்த முதுகை அப்படி நான் பார்த்ததே இல்லை.
வெளியே நின்று திறக்கிறவரின் முதுகு அல்ல அது.

பாகோ பாகோவில் மழை. அதே மாதிரிப் பேருந்து.
அவருக்கு இடம் கிடைத்தது, எனக்கில்லை.
வெளியே பார்த்துக்கொண்டே
தொடையைத் தட்டினார்.
இடது தொடை. வலது முழங்காலுக்குள் உலோகம் இருக்கிறது.

உட்கார்ந்தேன். மூன்று நிறுத்தம்.
அதற்குமேல் அவருக்குக் கால் மரத்துப்போனது.
இரண்டாவது நிறுத்தத்தில், என் தோளுக்குப் பின்னாலிருந்து:
"மூன்று நாற்பதுக்கு அவர்களை வெளியே எடுத்தேன்.
டாக்சி இல்லை. பனியில் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.
நீ கிளம்பிப் போயிருந்தாய்."

அவர் இதைச் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை.
யாரோ தார்ப்பாயை இறக்கிவிட்டார்கள்.
பேருந்து முழுக்க மீன் வாடை.

திரும்பி வந்தோம். லிஃப்டில் இன்னும் செவ்வாய்.
இரண்டு நாள் மிதிபட்டு ஒரு மூலை சுருண்டிருந்தது.
சுவரைப் பிடித்துக் குனிந்து
உள்ளங்கையால் நீவிவிட்டார். சுருண்டது. மறுபடி நீவினார்.
கதவு மூடிவிடாமல்
பொத்தானை அழுத்தியபடி நின்றேன்.