நாற்பதுக்கு மேல்

சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பார்,
ஏறி இறங்கினால் ஒன்று,
நிமிடத்துக்கு நாற்பதைத் தாண்டினால்
வண்டியேறிவிடு என்றார் நர்ஸ் வளர்மதி,
சொட்டு மருந்து போட்ட அன்று.
வரிசையில் ஒரே ஆம்பளை என்பதால்
என்னிடம் மட்டும் இரண்டு முறை.

இரவு பதினொன்றரை. செல்போனில் நொடி ஓடுகிறது.
நாற்பத்தாறு.
நடுவில் இருமினாள், அதைக் கணக்கில் சேர்ப்பதா?
மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்று.
மூன்று குறைந்ததற்கே
மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து என்றால்
அஞ்செட்டி மெடிக்கலில் அறுபது ரூபாய்க்குக்
காகிதத்தில் மடித்துத் தந்தது:
வெள்ளையில் பாதி, ஆரஞ்சில் கால்.
எது எதற்கென்று அவரும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை, பின்னால் ஆள் நின்றது.
அதற்கு முந்தின நாள் பொம்மியக்கா
இது சளியே இல்லை, உரம் விழுந்திருக்கு என்று
சேலையில் போட்டு உருட்டினாள்.
லிகிதா சிரித்தாள். மூன்று நாளில்
அவள் சிரித்தது அப்போதுதான்,
அதனால் பொம்மியக்காவை நான் குறை சொல்ல மாட்டேன்.

முனிரத்னா ஓசூரில் நைட் ஷிப்ட்.
போன் லாக்கரில், ஆறு மணிக்குத்தான் கைக்கு வரும்.
கேட்டால் போ என்பாள், இல்லை இரு என்பாள்.
எதைச் சொன்னாலும் எனக்குப் போதும்.

ஆட்டோ கெம்பனைக் கூப்பிட்டேன்.
"வளைவுல ஒத்தை நிக்குதுண்ணா,
எட்டரைக்கே ரெண்டு பைக் திரும்பிருச்சு.
அது நகரட்டும்."
நூற்றியெட்டிலும் அதே யானையைத்தான் சொன்னார்கள்,
கொஞ்சம் மரியாதையாக.

பிறகு எண்ணுவதைத் தவிர வேலையில்லை.
விலாவுக்கு அடியில்
குழி விழுந்து விழுந்து எழும்பியது.
நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.
ராகி மூட்டை எண்ணியிருக்கிறேன்,
தக்காளிக் கூடை எண்ணியிருக்கிறேன்,
சந்தையில் தப்பினால் யாராவது திருத்துவார்கள்.

நாலே முக்காலுக்கு ஹாரன்.
வளைவில் சாணம் மட்டும் ஆவி விட்டுக் கிடந்தது.

தேன்கனிக்கோட்டையில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண்,
தலைகூட வாரியிருக்கவில்லை.
கடிகாரத்தைப் பார்த்து நின்றாள், முழு நிமிடம்.
ஐம்பது என்றாள்.
ஆட்டோவில் நான் எண்ணியதும் ஐம்பது.
பரீட்சையில் பாஸானவன் மாதிரி
உள்ளே ஒன்று குதித்தது,
குழந்தையின் மூக்கில் குழாயை
ஒட்டிக்கொண்டிருக்கும்போது.

ஆறு பத்துக்குப் போன்.
"தூங்கினாளா?"
ஐம்பது என்றேன்.
"என்ன ஐம்பது?" என்றாள்.
பின்னால் கம்பெனி பஸ் கிளம்பும் சத்தம்.