விதி ஏழு

இரண்டாம் சனிக்கிழமை, மூன்றரை மணி.
கல்முனையில் ஒரு ரியூசன் கொட்டில்.
வாடகை இருநூறு; கரண்ட் போனால் நூற்றைம்பது.
கரும்பலகையில் காலை வகுப்பின் சேதன இரசாயனம்,
கரியணுக்கள் கைகோத்துக் கிளைவிட்டபடி.
கீழே சேரின் எழுத்து: அழிக்க வேண்டாம்.
நாங்கள் அழிப்பதில்லை.
முதல் நாள் அதைப் பார்த்து பளீலா ரீச்சர் கேட்டா:
"இது எந்தக் குடி?"

குடிவழிக் கழகம். அங்கத்தவர் பதினேழு.
வருவோர் எட்டு, தேத்தண்ணி நேரம் ஒன்பது.
நான் செயலாளர்.
எல்லாருடைய பிழையும் என் கையெழுத்தில் இருக்கிறது.

கனடாவிலிருந்து ஒருவர் அனுப்பிய அச்சுப் படிவம்
தகப்பனில் தொடங்கிற்று.
தாளைத் தலைகீழாய்த் திருப்பி
தாய், அவளின் தாய், அவளின் தாய் என்று ஏறினோம்.
ஆண்கள் ஓரத்தில் நின்றார்கள்,
பந்தலில் கதிரை கிடைக்காதவர்கள் போல.

அந்திராடோ மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருவார்.
ஞானஸ்நானப் பதிவுகளின் பிரதிகள் பிஸ்கற் ரின்னுக்குள்.
அவருடைய பூட்டனின் பெயர் நான்கு விதமாய் இருக்கிறது;
நான்கு பாதிரிமார், நான்கு காது.

உதுமாலெவ்வை பழைய காணி உறுதி வாசிப்பார்,
வாங்கு சொல்லும் குரலில்:
"கிழக்கு தோணா. வடக்கு வண்டில் பாதை.
மேற்கு இன்னாள் மகள் இன்னாளின் சீதனக் காணி."
எல்லை சொல்லும் வரியில்தான்
பெண்களின் பெயர்கள் தப்பிக் கிடந்தன.

ஓர் உறுதியில்
அவருடைய குடியும் வினாயகமூர்த்தியின் குடியும்
ஒரே பெயரில் வந்து நின்றன.
கொஞ்ச நேரம் விசிறி மட்டும் சுற்றியது.
"அப்ப இருபது வருசமா மச்சான் எண்டு கூப்பிட்டது பிழை.
அண்ணன் எண்டு திருத்து."
"ஆர் அண்ணன்? நான் உன்னை விட இளசு."
அறிக்கையில் அதையும் எழுதினேன்.

விதி ஏழு என்னுடையது:
உயிரோடிருப்போர் பென்சிலில்,
இறந்தோர் பேனையில்.
கலியாணம் வரும், பிள்ளை வரும், ஊர் மாறும்,
பென்சிலென்றால் திருத்தலாம் என்று
அன்று எல்லோரும் கைதூக்கினார்கள்.

போன பங்குனியில் ரூபவதி சேர்ந்தா, பாண்டிருப்பு.
மூன்று தாள், கோடு பிசகாத கட்டங்கள்.
ஒன்று மட்டும் வெறுமை.
"ரெண்டாவது மகன். இவனை எதால எழுத?"
தொண்ணூறு, ஆடி மாதம்.
சைக்கிளில் போனான்.
சைக்கிள் வந்தது.

அந்திராடோ பச்சை மை என்றார்.
ரீச்சர் வேண்டாம் என்றா,
பச்சையால் தான் வரவு போட்ட பிள்ளைகளை நினைத்தோ என்னவோ.
உதுமாலெவ்வை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார், பிறகும் துடைத்தார்.
தன் தாளிலும் அப்படியொரு கட்டம் இருப்பதை
அதுவரை அவர் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.
நான் எழுதினேன்: விடயம் ஒத்திவைக்கப்பட்டது.
பதினொரு மாதமாய் அதே வசனம்.

ரூபவதி தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை.
எல்லாருக்கும் முன்னம் வந்து
பென்சிலைக் கூராக்கி அவன் பெயரை எழுதுவா.
மாதம் முழுக்கக் கோப்புக்குள் தாளோடு தாள் உரசி
அது மங்கிவிடும்.
அடுத்த சனி அதன் மேலேயே அழுத்தி எழுதுவா.

நேற்றுக் கோப்பை ஒழுங்கு செய்யும்போது கண்டேன்:
அந்தப் பெயர் எதிர்ப்பக்கத்தில் படிந்திருக்கிறது,
இடம் வலம் மாறி, சாம்பல் நிறத்தில்,
உதுமாலெவ்வையின் மரத்தில்,
அவருடைய வெறுங்கட்டத்துக்குக் கொஞ்சம் மேலே.
அவர் பார்த்திருக்கிறார்.
ஓரத்தில் விரல் அடையாளம் உண்டு.
அழிறப்பர் அவருடைய பையில்தான் எப்போதும் இருக்கும்.

இன்றைய நிகழ்ச்சி நிரல்:
கடந்த கூட்ட அறிக்கை.
காரைதீவு மயானப் பெயர்ப்பலகைகள், மிச்சம் இரண்டு வரிசை.
விதி ஏழு, ஒத்திவைப்பு.
செலவு: தேத்தண்ணி முந்நூற்றறுபது,
பென்சில் ஒரு பெட்டி.
பொருளாளர் கேட்டார், இத்தனை பென்சில் எதற்கு?
ஒருவரும் பேசவில்லை.
உதுமாலெவ்வை ஆமோதித்தார்.