மூன்றாம் முள்

திராக்கும் இசேரும் கலக்கிற முனையில்
அணுவுலை நிற்கிறது.
கிரெனோபிள் நகரத்தின் கடைசி டிராம் போய்விட்டது.
என் சட்டைப் பையில் கதிர்வீச்சு அளக்கும் அட்டை.
குளிர்கலத்தின் அடியில் என் படிகம்,
சுண்டுவிரல் நகத்தளவு, கற்கண்டு நிறம்.
பிர்னோவில் ஆறு வாரம் சூளைக்கு முன் உட்கார்ந்து
மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வளர்த்தது.

உள்ளே எல்லாம் முக்கோணம்.
மூலைக்கு ஓர் இட்டெர்பியம்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு காந்த முள்.
பக்கத்தில் இருப்பது மேலே பார்த்தால்
நீ கீழே பார்.
இவ்வளவுதான் சட்டம்.
இருவருக்கு ஒத்துவரும்.
மூன்றாவது முள்
மத்தளம்போல் இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு
எங்கே திரும்பினாலும் யாரோ ஒருவருக்குப் பகை.

விரக்தி என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
வைத்தவர் முள்ளிடம் கேட்டிருக்க மாட்டார்.
ஐம்பது மில்லிகெல்வினிலும், எல்லாம் உறைய வேண்டிய குளிரிலும்
அது அசைந்துகொண்டே இருக்கிறது என்பதுதான்
என் நான்கு வருட நம்பிக்கை.

ஜன்னலைத் திற என்கிறாள் சொலென் கெர்பிரா,
கருவி அவளுடையது.
மூடு என்கிறேன் நான்.
குளிர்பதனம் பார்க்கும் ஓதிலோன் எங்கள் நடுவில்
வாதுமைக்கொட்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்,
கைப்பிடியில் ஒரு கை வைத்தபடி.

நியூட்ரான் வருகிறது.
மின்சுமை இல்லை, அதனால் யாரும் தடுப்பதில்லை.
எலெக்ட்ரான் கூட்டத்துக்குள் புகுந்து
முள்ளை மட்டும் விசாரித்துவிட்டு
வேறு திசையில் போகிறது.
போன திசை திரையில் ஒரு புள்ளி.
முட்கள் ஒழுங்காக நின்றால் கூர்மையான பொட்டுகள் விழும்.
நிற்காவிட்டால் மங்கல்,
பால் சிந்தித் துடைத்ததுபோல.
எனக்கு வேண்டியது மங்கல்.
ஒன்றும் தெரியாமல் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க
இரண்டு ரயில் மாறி வந்தேன்.

இரண்டு மணி இருபது.
திரையின் ஓரத்தில்
ஒரு பொட்டு.

யாரும் பேசவில்லை.
ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்
அந்த வெளிச்சத்துக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சொலென் என் தோளைத் தொட வந்து, தொடாமல்
காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

"சூடாக்குங்கள், லிபுஷே," என்றார் ஓதிலோன்.
பத்து கெல்வின்.
காந்தத்தால் வந்த பொட்டு என்றால் கரைந்துவிடும்.
ஒரு மணி நேரம், அவருடைய கொட்டைகள் தீர்ந்தன.
பொட்டு போகவில்லை.
அப்படியே,
கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

"அலுமினியம்," என்றார், ஓடுகளைக் கூட்டியபடி.
படிகத்தை வைத்திருந்த கிண்ணம்.
இத்தனை நேரம் பேசியது
பாத்திரம்.

சிரித்துவிட்டேன். சொலெனும்.
மறுபடி குளிர வைக்க ஐந்து மணி நேரம்;
பெல்தோன் மலைமேல் வெளுக்கும்வரை காத்திருந்தோம்.
மங்கல் வந்தது.
மங்கலாகவே இருந்தது.
இதை வைத்து நிரூபித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது,
பொய் என்றும் யாரும் இனிச் சுலபமாகச் சொல்ல முடியாது.

ஜன்னல் பாதி திறந்திருக்கிறது.
சொலெனுக்கும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை.

ஊருக்குப் புறப்படும்போது படிகத்தைத் தரவில்லை.
கதிர்வீச்சு ஏறியிருக்கிறதாம்.
அடங்கும்வரை ஈயப் பெட்டியில் இருக்கட்டும் என்று
ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.
சீட்டில் பொருளின் நிலை என்று ஒரு கட்டம்.
திடம், திரவம், வாயு.
பேனா அங்கே
கொஞ்ச நேரம் நின்றது.