முன்னால் ஒரு சைபர்

சாய்ந்தமருது மீனவர் சங்கத்தில்
படகுப் பதிவேட்டைக் கணினிக்கு ஏற்றினேன்.
முதல் நாளே வரிசை குழம்பியது:
பத்தாம் மாதம் வந்து
இரண்டாம் மாதத்துக்கு முன்னால் குந்திக்கொண்டது.
"ஒங்கட மெசினுக்கு
சோழகமும் வாடையும் ஒண்டா?"
பொருளாளர் ஜுனைதீனுக்குச் சிரிப்பு.

எழுத்தாகத்தான் பார்க்கிறது அது.
ஒன்றுக்குப் பிறகே இரண்டு;
ஒன்றின் வாலில் எது தொங்கினாலும்
அதற்குக் கவலையில்லை.

ஒற்றை வரி எழுதினேன்:
இரண்டு இடம், வெறுமைக்குச் சைபர்.
2 தன் இடப்பக்கம்
ஓர் ஆளை இருத்திக்கொண்டு
02 ஆனது.
பெறுமதி ஏறவில்லை,
இடம் கிடைத்தது.

ஓடவிட்டேன்.
பதிந்த நாள், புதுப்பித்த நாள், விற்ற நாள்
எல்லாம் சைபர் பூட்டிக்கொண்டு
நேர்கோட்டில் நின்றன.

கடைசி நிரல்: நீக்கிய நாள்.
கீழே, இன்னும் கீழே,
சுட்டியை உருட்ட உருட்ட
நூற்றுப் பதினேழு படகுக்கும் ஒரே திகதி.
என் வரி அங்கே
தொட்டுத் திருத்த ஏதுமில்லை.

2004-12-26.

ஜுனைதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இது மொதல்லயே
நெறஞ்சிதான் கெடந்திச்சி" என்றார்.
சேமித்துவிட்டு
அடுத்த பக்கம் போனேன்.