எட்டாவது நாற்காலி

அந்தக் கதையில் சுவர் இல்லை.
எப்போதோ இடிந்து, கல்லெல்லாம்
யார் யார் வீட்டு அடுப்புக்கோ போய்விட்டது.
கதவு மட்டும் நிற்கிறது.
ஊரார் தினமும் வெட்டவெளியைச் சுற்றி வந்து
வரிசையில் நின்று
பூட்டைத் திறந்து உள்ளே போகிறார்கள்.
கடைசி ஆள் மறக்காமல் பூட்டுகிறான்.

பத்தே பக்கம். நூறு வருடப் பழைய கதை.

வெளியே கடலிலிருந்து பனி கலந்த மழை.
நோவா ஸ்கோஷியாவில் நவம்பர் என்றால் இப்படித்தான்,
மீன் ஆலையின் சங்குகூட நனைந்தே கேட்கும்.
நூலகத்தின் பின்னறையில்
என்னையும் சேர்த்து ஏழு பேர்.
நான் காபி ஊற்றுகிறவள்.

"கதவு ஒரு குறியீடு" என்றார் டெல்பர்ட் கோர்க்கம்.
சிங்கி இறால் படகை விற்ற பிறகு
அவருக்கு எல்லாமே குறியீடு.
"பயம்" என்றாள் வெல்மா.
"பயத்துக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாட்டினால்
அதற்குப் பெயர் மரபு" என்றார் பாதிரியார் ஹில்ட்ஸ்.
பிரமாதம் என்று அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன்.
பிறகு அந்த ஊராரைப் பார்த்து
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
கண் முன்னால் திறந்து கிடக்கிறது உலகம்,
சாவி தேடுகிறார்களாம் மடையர்கள்!

அப்போதுதான் மாரிவிக் வந்தாள்.
முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ்,
செப்டம்பரில் மணிலாவிலிருந்து.
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டாள்,
சொட்டும் கோட்டைக் கழற்றினாள்,
ஜன்னலோரம் காலியாக இருந்த நாற்காலியில்
உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

ரஸ்ஸல் வெய்னாட் உட்கார்ந்த நாற்காலி அது.
அவர் போய் ஒன்பது வருடம்.
அதில் யாரும் உட்காரக் கூடாதென்று
நாங்கள் பேசி முடிவெடுத்ததே இல்லை.
வியாழன்தோறும் துடைத்து
அதே ஜன்னலோரம் இழுத்துப் போடுவோம்.
இடையில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள்,
நின்றுகொண்டே கேட்டார்கள், திரும்பி வரவில்லை.
இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள்
என்று வருத்தப்பட்டோம்.

டெல்பர்ட் இருமினார்.
வெல்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்,
துடைத்துக்கொண்டே இருந்தாள்.
"அது ஆடும்மா, கால் சரியில்லை"
என்று சொன்னது நான்தான்.

அவள் எழுந்து, கைப்பிடியைப் பிடித்து
இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள்.
நாலு காலும் தரையைக் கவ்வி நின்றன.
"நன்றாகத்தானே இருக்கிறது?"
மறுபடி உட்கார்ந்து
பையிலிருந்து கதையை எடுத்தாள்,
பக்கமெல்லாம் பச்சை மைக் கோடு.

"குறியீடெல்லாம் எனக்குப் புரியாது" என்றாள்.
"ஒரே ஒரு சந்தேகம்.
அத்தனை வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்த பூட்டு
சாவி போட்டதும் திறக்கிறதே,
துருப்பிடிக்கவில்லையே, எப்படி?
யாரோ தினமும் எண்ணெய் போடுகிறார்கள்.
கதையில் அந்த ஆள் மட்டும் வரவே இல்லை."

யாரும் பதில் சொல்லவில்லை.
என் மடியில் துணி இருந்தது,
எலுமிச்சை பாலிஷ் வாசனையோடு,
இன்னும் ஈரமாக.

அவளுக்குக் காபி வேண்டும் என்றாள்.
நான் எப்போதும் ஏழு கோப்பைதான் எடுத்து வருவேன்.
சமையல் மேடைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன்.
எட்டாவது கோப்பை முன்வரிசையிலேயே இருந்தது.
ஆனாலும்
தேடுகிறவள்போல்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.